தொண்ணூற்று மூன்றாம் பக்கம்

பழிவாங்க வருகிறவர்கள் நாற்காலியின் முனையில்தான் உட்காருவார்கள் என்பதை வர்க்கிச்சன் ஆறு வருட அனுபவத்தில் கண்டுபிடித்திருந்தான். சொத்துத் தகராறுக்காரர்கள் நன்றாகச் சாய்ந்துகொள்வார்கள். மனைவியைச் சந்தேகிப்பவர்கள் உட்காரவே மாட்டார்கள். அன்று காலை, சங்கனாச்சேரி சந்தை ரோட்டில் தையல்கடைக்கு மேலே இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த குருவிளா மாஷ், நாற்காலியில் கால்வாசி இடத்தைத்தான் பயன்படுத்தினார்.

எழுபத்தொரு வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊர்க்காரர்களுக்கு இன்றும் மாஷ். இஸ்திரி மடிப்புக் கலையாத ஜிப்பா. மேஜைமேல் அவர் வைத்த இரண்டு புத்தகங்களும் ஒரே புத்தகம்தான்: ‘சாக்பீஸும் சத்தியமும் - ஓர் ஆசிரியரின் வாழ்க்கை’. அட்டையில் அவர் படம், புத்தகத்தின் பெயரைவிடப் பெரியதாக.

“யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடு மோளே. அது போதும். மீதியை நான் பாத்துக்கறேன்” என்றார்.

வர்க்கிச்சனின் முதலாளி சூசன்னா தரகன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவள். பொய்யை எழுதியெழுதிக் கை வலித்ததால் வெளியே வந்து துப்பறிய ஆரம்பித்தவள் என்று வர்க்கிச்சன் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு.

“மீதின்னா என்ன மாஷே?”

“கையில விலங்கு மாட்டி, இந்தச் சந்தை ரோட்டுல, பட்டப்பகல்ல கூட்டிட்டுப் போகணும். நான் ஓரமா நின்னு பாக்கணும்.”

“மழைக்காலம். குடை எடுத்துட்டு வாங்க” என்றான் வர்க்கிச்சன்.

மாஷ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு புத்தகத்தில் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தை விரித்து, மற்றதிலும் அதே பக்கத்தை விரித்து, அருகருகே வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

அந்தப் புத்தகம் கடையில் கிடைக்காது. யாராவது இணையத்தில் ஆர்டர் போட்டால், அவருக்காக ஒரே ஒரு பிரதியை அச்சடித்துத் தபாலில் அனுப்புகிற கம்பெனி அது. மாஷுக்கு முதலில் வந்த பத்துப் பிரதிகளில் ஒரு குறையும் இல்லை. பிறகு திருச்சூரில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். “மாஷே, இவ்வளவு தைரியம் உங்களுக்கு இருக்கும்னு நினைக்கல” என்று அழுதிருக்கிறான். மாஷுக்கு விஷயம் விளங்கவில்லை. அவன் பிரதியை வரவழைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது.

மாஷின் பிரதியில் இருந்தது 1988இல் பள்ளி ரசாயனக்கூடம் தீப்பிடித்த கதை. உதவியாளன் சுகதன் குடித்துவிட்டு ஸ்பிரிட் விளக்கை அணைக்காமல் போனான். மாஷ் தகவல் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்து, தீயில் குதித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். சுகதனின் வேலை போயிற்று.

திருச்சூர்ப் பிரதியை சூசன்னா சத்தமாக வாசித்தாள்.

“‘விளக்கை அணைக்காமல் போனது சுகதன் அல்ல, நான். தீயை அணைக்க ஓடிவந்தவன்தான் அவன். நான் பின்வாசல் வழியாக வெளியேறி, கருகிய சட்டைக் கையோடு வீட்டுக்குப் போனேன். அன்று மாலையே அந்தச் சட்டையைச் சமையலறை அடுப்பில் போட்டு எரித்தேன். தீப்பிடிப்பதற்கு முன், நான்கு மணிக்கே நான் வீட்டுக்கு வந்துவிட்டதாக விசாரணையில் என் மனைவி பொய் சொன்னாள். சுகதன் பிறகு எந்த வேலையிலும் சேர முடியாமல், ரப்பர்த் தோட்டத்தில் தினக்கூலியாகவே செத்தான்.’”

கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“இதுல எதெல்லாம் பொய் மாஷே?”

“எல்லாம்.” பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது. “சுகதனோட மகன் ஒருத்தன் கொச்சியில கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். அவன்தான். அவனைத் தவிர வேற யாருக்கு என்மேல பகை? சனிக்கிழமை டவுன் ஹால்ல வெளியீட்டு விழா. நீதிபதி வர்றார், பாதிரியார் வர்றார். அதுக்குள்ள அவன் பேரு என் கையில இருக்கணும். மேடையிலேயே சொல்லப்போறேன்.”

அன்று வியாழன்.

சூசன்னா இரண்டு பிரதிகளின் கடைசிப் பக்கத்தையும் பார்த்தாள். இரண்டிலும் 212.

“தீ சமாச்சாரம் உங்க பிரதியில ரெண்டு பக்கம். இதுல நாலு பக்கம். ஆனா புத்தகம் தடிக்கல” என்றாள். “வேற எங்கயாவது ரெண்டு பக்கம் காணாம போயிருக்கணுமே.”

“அதையெல்லாம் நான் பாக்கல. நெருப்பு வெச்ச இடத்தைத்தானே பாக்கத் தோணும்?”

மாஷ் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தன் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டுப் போனார். அதிலும் அவர் படம் இருந்தது.

*

புத்தகத்தைத் தட்டச்சு செய்து வடிவமைத்தது பெருந்நாவில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்த பிந்து. அங்கே போகும் வழியெல்லாம் வர்க்கிச்சன் ஆட்டோவில் இரண்டு பிரதிகளையும் மடியில் வைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தான். மதுமூலை தாண்டும்போது கண்டுபிடித்தான்.

“கெடச்சுது சேச்சி. ‘என் வீட்டு விளக்கு’ன்னு ஒரு அத்தியாயம். சரியா ரெண்டு பக்கம். மாஷோட பொண்டாட்டி சோசாம்மாவைப் பத்தி. அதை மட்டும் அப்படியே உருவிட்டான்.”

“வாசி.”

“‘சோசாம்மா ஒருநாளும் என் சொல்லைத் தாண்டியதில்லை. நான் கேட்காததை அவள் பேசியதில்லை. என் நிழலாகவே வாழ்ந்து, அந்த நிழலிலேயே அவள் நிறைவு கண்டாள்.’” வர்க்கிச்சன் புத்தகத்தை மூடினான். “என் பொண்டாட்டியைப் பத்தி நான் இப்படி எழுதினா, அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு கெடைக்காது. அது இருக்கட்டும், எதுக்கு இதைப் போய் வெட்டணும்? அந்த அம்மா பொய் சொன்னாங்கன்னு ஒரு பக்கம் எழுதறான். இன்னொரு பக்கம் அவங்களைப் பத்தி நல்லதா இருந்ததை அழிக்கறான். அந்த வீட்டு மேலயே கொலவெறியில இருக்கான் சேச்சி.”

சூசன்னா ஒரு பிரதியை வாங்கி, மாஷின் விருதுகளின் பட்டியலில் விரலை வைத்துப் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு பக்கம் வந்தது.

பிந்துவுக்கு முப்பது வயதிருக்கும். கல்யாணப் பத்திரிகைகளுக்கும் மரண அறிவிப்புகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். மாஷின் பெயரைச் சொன்னதும் நெற்றியில் கை வைத்தாள்.

“மறுபடி திருத்தமா சேச்சி? அட்டையில அவர் பேரை ஒன்பது தடவை பெருசாக்கியாச்சு. இனிமே பெருசாக்கினா மேஜைக்கு வெளிய போயிடும்.”

“அச்சடிக்கற கம்பெனியை யார் தேர்ந்தெடுத்தது?”

“மூணு கம்பெனியைப் பத்தி நான் எழுதிக் கொடுத்தேன்.” பிந்து விரல்களை மடக்கினாள். “அக்ஷரத்தோணி. அவங்ககிட்ட ஒரு எழுத்தை மாத்தணும்னாலும் ஆசிரியர் கையெழுத்து போட்டு அனுப்பணும், அங்கேருந்து ஒருத்தர் போன்ல கூப்பிட்டு உறுதி பண்ணுவார். வாயனப்புரையில இருநூறு பிரதி ஒண்ணா அடிச்சு வீட்டுல இறக்கிடுவாங்க. மூணாவது மழவில் அச்சு. அதுல எல்லாம் நம்ம கையில. வீட்டுல இருந்தே புது ஃபைல் ஏத்தலாம், அடுத்த பிரதியிலேருந்து புதுசுதான் அச்சாகும். மனுஷங்க யாரும் பாக்கமாட்டாங்க, பக்க எண்ணிக்கை மாறாத வரைக்கும்.”

“மாறினா?”

“புத்தகத்தோட முதுகு அகலம் மாறிடும் இல்லையா? அட்டை உக்காராது. உடனே நிறுத்தி வெச்சுட்டு ஆசிரியருக்குத் தகவல் சொல்லுவாங்க.”

“அப்போ ரெண்டு பக்கம் சேத்தவன் ரெண்டு பக்கம் எடுத்தது அதுக்குத்தான்” என்றான் வர்க்கிச்சன்.

“நீ எதைச் சொன்னே?” சூசன்னா பிந்துவிடம் கேட்டாள்.

“அக்ஷரத்தோணின்னுதான் சொன்னேன். மாஷ் மாதிரி ஆளுக்கு அதுதான் பாதுகாப்பு. அப்ப மாஷ் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அட்டையில தங்க எழுத்து வருமான்னு. வீட்டுக்குப் போயிட்டு மறுநாள் போன் பண்ணி மழவில்னு சொல்லிட்டார். காகிதம் அங்கதான் உசத்தியாம்.”

“உசத்தியா?”

“மூணும் ஒரே காகிதம்தான் சேச்சி. எனக்குத் தெரியாதா? ஆனா மாஷ்கிட்ட யார் வாதாடறது? கணக்கைத் திறந்து கொடுத்துட்டு, ஃபைலைப் பென் டிரைவ்ல போட்டுக் கையில கொடுத்து அனுப்பிட்டேன். பாஸ்வேர்ட்கூட எனக்குத் தெரியாது. ஃபைல் மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. வரும். அதுவும் அவர் கொடுத்த நம்பருக்குத்தான்.”

மாஷ் பூர்த்தி செய்த படிவத்தை அவள் தேடி எடுத்தாள். வர்க்கிச்சன் விசிட்டிங் கார்டை அதன் பக்கத்தில் வைத்தான். இரண்டு எண்களும் ஒன்றல்ல.

“திருடன் மாட்டினான்” என்று சொல்லிக்கொண்டே படிவத்தில் இருந்த எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேஜையில் வைத்தான்.

மூன்றாவது மணியில் ஒரு பெண் குரல் எடுத்தது. “கேஸ் சிலிண்டரா? கேட்டுக்குள்ள வெச்சுட்டுப் போ மோனே, நாய் கட்டித்தான் இருக்கு.”

வர்க்கிச்சன் அவசரமாகத் துண்டித்தான்.

“சோசாம்மா சேடத்தி” என்றாள் பிந்து. “மாஷ் எங்கயும் தன் நம்பரைக் கொடுக்கமாட்டார் சேட்டா. கேஸ், ரேஷன், பேங்க், பார்சல், எல்லாத்துக்கும் அந்த அம்மா நம்பர்தான். பெரிய மனுஷனைக் கண்டவனும் கூப்பிடக்கூடாதாம். ஓ.டி.பி. வந்தா அவங்க சமையல்கட்டுலேருந்து சத்தமா வாசிப்பாங்க, இவர் முன்னறையில உக்காந்து தட்டுவார்.”

ஆட்டோவில் ஏறியதும் வர்க்கிச்சன் சொன்னான்: “இப்பப் புரியுது. அந்தக் கொச்சிக்காரன் பேங்க்லேருந்து பேசறேன்னு சொல்லி அந்தக் கெழவியை ஏமாத்தி நம்பரை வாங்கியிருப்பான். என் மாமியாரே அப்படி ரெண்டு தடவை கொடுத்திருக்காங்க.”

“இருக்கும்” என்றாள் சூசன்னா. “சட்டையை அடுப்புல போட்டது கொச்சியிலேருந்து தெரிஞ்சிருக்குமா வர்க்கீ?”

வர்க்கிச்சன் திருச்சூர்ப் பிரதியில் அந்த வரியை மறுபடி தேடினான்.

*

மாஷின் வீட்டில் முன்னறைச் சுவர் முழுவதும் பொன்னாடை போர்த்தும் படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு சேலை நுனியோ முழங்கையோ தெரிந்தது. சட்டகம் அங்கேயே முடிந்துவிட்டிருந்தது.

சோசாம்மா காப்பியும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தாள். மெலிந்த, நிமிர்ந்த பெண். போனை இடுப்பில் செருகியிருந்தாள். வர்க்கிச்சன் காப்பியை எடுக்கக் குனிந்தபோது விழா அழைப்பிதழைப் பார்த்தான். நூலை வெளியிடுபவர் நீதிபதி. முதல் பிரதியைப் பெற்றுக்கொள்பவர்: ராதாமணி சுகதன்.

“இது யாரு மாஷே?”

“சுகதனோட விதவை.” மாஷின் குரலில் பெருமை ஏறியது. “அவன் தப்பு பண்ணினவன்தான். ஆனா எனக்கு அந்தக் குடும்பத்துமேல வர்மம் இல்ல. நான் மன்னிச்சுட்டேன்னு ஊருக்குத் தெரியணும். அந்தம்மா மேடையேறி என் புத்தகத்தை வாங்கட்டும். கண்டுபிடிச்சியா மோளே?”

“கண்டுபிடிச்சாச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க பிரதியிலேருந்து ‘என் வீட்டு விளக்கு’ அத்தியாயத்தை வாசிங்க. சத்தமா.”

மாஷுக்கு வாசிக்கச் சொன்னால் மறுக்கத் தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடமாக இருந்ததால் புத்தகத்தைப் பார்க்காமலே ஆரம்பித்தார். சோசாம்மா மீதிப் பழம்பொரித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் புறப்பட்டவள், சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். ‘நிழலிலேயே அவள் நிறைவு கண்டாள்’ என்ற இடத்தில் தட்டு லேசாகச் சாய்ந்தது. ஒரு பழம்பொரி தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. வர்க்கிச்சன் வாழ்க்கையில் பல பேருடைய முகத்தில் கோபத்தைப் பார்த்திருக்கிறான். இத்தனை பொறுமையான கோபத்தைப் பார்த்ததில்லை.

“போதும் மாஷே” என்றாள் சூசன்னா. “உங்க எதிரி ரெண்டு பக்கத்தை வெட்டியாகணும். வேற எவனா இருந்தாலும் உங்க விருதைத்தான் வெட்டுவான். பதினாறு பக்கம் இருக்கு, எதை எடுத்தாலும் உங்களுக்கு வலிக்கும். இந்த ஆள் அதைத் தொடவே இல்ல. உங்க மனைவியைப் பாராட்டின பக்கத்தை மட்டும் எடுத்திருக்கு. அந்தப் பாராட்டு அச்சுல இருக்கறது யாருக்குத் தாங்காது?”

மாஷ் சமையலறை வாசல் பக்கம் திரும்பினார்.

“என்னைக் கேட்டா நானே சொல்லியிருப்பேன்” என்றாள் சோசாம்மா. “யாரும் கேக்கல.”

தட்டை வைத்துவிட்டு, மாஷுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் அதிகம் உட்கார்ந்ததில்லை என்பது மாஷ் அதைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

“உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்றார் மாஷ்.

“பங்கு மடல் மாசாமாசம் எட்டுப் பக்கம். ஒரு வரி கூடினா ஃபாதருக்குக் கோபம் வரும். பன்னெண்டு வருஷமா சர்ச் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்து நான்தான் அடுக்கறேன். நீங்க அதை வாங்கி, உங்க பேர் வந்திருக்கான்னு மட்டும் பாப்பீங்க.” குரல் உயரவில்லை. “கையெழுத்துப் பிரதியிலேயே கெஞ்சினேன். செத்தவனை விட்டுடுங்க மாஷேன்னு. உனக்கென்ன தெரியும்னு கேட்டீங்க. எனக்கா தெரியாது? சட்டைப் பொத்தானை அடுப்புச் சாம்பல்லேருந்து பொறுக்கினது நான். நாலு மணின்னு பைபிள்மேல கை வெச்சுச் சொன்னதும் நான்.”

“காகிதம் உசத்தின்னு சொன்னதும் சேடத்திதானா?” என்று கேட்டான் வர்க்கிச்சன்.

“ஆமா. காகிதம்னா மாஷ் உருகிடுவார். அப்பகூட மாத்தணும்னு நினைக்கல மோனே. மாத்த ஒரு வழி இருக்கட்டும்னுதான் நினைச்சேன். அப்புறம் இந்தக் கார்டு வந்துது.” அழைப்பிதழை ஒரு விரலால் தள்ளினாள். “ராதாமணி மேடையேறி, தன் புருஷனைக் குடிகாரன்னு எழுதின புத்தகத்தைக் கை நீட்டி வாங்கணும். ஜனங்க கை தட்டணும். அன்னிக்குத்தான் மாஷோட பென் டிரைவை எடுத்துட்டு உக்காந்தேன். பாஸ்வேர்டை டயரியில எழுதி வெச்சதும் நான்தான். அரை மணி நேர வேலை.”

மாஷ் எழுந்து நின்றார். பழைய வகுப்பறைக் குரல் திரும்பி வந்தது. “இப்பவே பழைய ஃபைலை ஏத்தறேன். ஓ.டி.பி. வரும். வாசி.”

சோசாம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்து, மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“மாட்டேன்.”

“நான் போலீஸுக்குப் போவேன்.”

“போங்க. எழுதினது பொய்னு நீங்க சத்தியம் பண்ணணும். சாட்சி யாருன்னு கேப்பாங்க. நான் வருவேன். இந்தத் தடவை நாலு மணின்னு சொல்லமாட்டேன்.”

மாஷ் சூசன்னா பக்கம் திரும்பினார். “நான் உன்கிட்ட வந்தவன். நீ என் பக்கம்.”

“யாருன்னு கேட்டீங்க. சொல்லியாச்சு” என்றாள் சூசன்னா. “மீதியை நீங்க பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தீங்க.”

“வேற அச்சகத்துல அடிப்பேன். ரெண்டு நாள் இருக்கு. கோட்டயத்துல ஒரே நாள்ல அடிச்சுத் தருவான். மேடையில என் புத்தகம்தான் இருக்கும்.” மூச்சு வாங்கியது. “நீ ஜெயிச்சுட்டதா நினைக்காதே.”

“நான் ஜெயிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?” என்றாள் சோசாம்மா. “நீங்க ஆயிரம் அடிங்க மாஷே. ராதாமணிக்கு முதல் பிரதி போன ஞாயித்துக்கிழமையே கெடச்சாச்சு. குர்பானைப் பூசை முடிஞ்சு நானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். வாசல்லயே நின்னு வாசிச்சா. என்னை உள்ள கூப்பிடல. கூப்பிடணும்னு நானும் எதிர்பாக்கல.”

சோசாம்மா அழைப்பிதழைக் கையில் எடுத்தாள்.

“சனிக்கிழமை கண்டிப்பா வர்றா. முதல் பிரதி வாங்கறவங்க ரெண்டு வார்த்தை பேசணுமே, கார்டுலயே போட்டிருக்கீங்க. தொண்ணூத்து மூணாம் பக்கத்தை வாசிக்கறேன்னு சொல்லியிருக்கா. நேத்து போன்ல எனக்கு வாசிச்சுக் காட்டினா.” சோசாம்மா முதல்முறையாகக் கணவனின் முகத்தை நேராகப் பார்த்தாள். “உங்களைவிட நல்லா வாசிக்கறா.”

மாஷ் மெல்ல உட்கார்ந்தார். இந்த முறை நாற்காலியில் முழுவதுமாக. விழாவை நிறுத்தலாம், ஏன் நிறுத்தினார் என்று நானூறு பேர் கேட்பார்கள். அவளைத் தடுக்கலாம், ஏன் தடுத்தார் என்று அதே நானூறு பேர் கேட்பார்கள். அவர் இரண்டையும் யோசித்து முடிப்பதை வர்க்கிச்சன் பார்த்தான்.

“அவ வாசிக்கணுமா, நீங்களே வாசிக்கணுமான்னு யோசிச்சுக்கோங்க. அதை மட்டும் உங்களுக்கு விட்டுக் கொடுக்கறேன்” என்றாள் சோசாம்மா.

மாஷ் திருச்சூர்ப் பிரதியைத் தன் பக்கம் இழுத்தார். தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தை விரித்தார். எழுத்து தெரியாமல் புத்தகத்தை முன்னும் பின்னும் நகர்த்தினார்.

“சோசாம்மே, என் கண்ணாடி.”

கண்ணாடி இருந்த அலமாரி அவளுக்கு இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.